மின்முனையின் மேல்தோல்: பேட்டரி குறித்து எங்கள் கடற்கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரத்தில் இன்வெர்ட்டர், சோலார், படகு பேட்டரிகளைப் பழுதுபார்க்கும் சிறிய கடை ஒன்றை நடத்தி வருகிறேன். அதற்கு முன், வெளியூரில் ஈய பேட்டரிக்கான பிளேட் தயாரிக்கும் ஆலையில் ஆறு ஆண்டுகள் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தேன். தொண்டி முதல் ஏர்வாடி வரை யார் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் கேட்கும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. அண்மைக் காலமாக, "பிளேட்டுக்கு ஏதோ கோட்டிங் கொடுத்தால் ஆயுள் கூடுமாமே" என்ற கேள்வி அதிகமாகியிருக்கிறது. ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்வதைவிட எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியது. கேள்விகளை அவர்கள் கேட்டபடியே கொடுத்திருக்கிறேன்.

மின்முனைன்னா வெளியே தெரியுற டெர்மினல்தானே அண்ணே? அதைச் சுரண்டிச் சுத்தம் பண்ணினா போதாதா?

டெர்மினல் என்பது வாசற்படி மட்டுமே. மின்முனை வீட்டுக்குள் இருக்கிறது. ஈய பேட்டரியில் ஆசிட்டில் மூழ்கியிருக்கும் பிளேட்டுகளும், லித்தியம் செல்லில் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும் பூச்சுத் தகடுகளுமே மின்முனைகள். வேதிவினை நடப்பது அவற்றின் மேற்பரப்பில்தான். இந்தப் பக்கத்தில் மேற்பரப்பு என்று நான் குறிப்பிடுவதெல்லாம் அந்த உள்பரப்பையே.

அதற்காக டெர்மினலைக் கவனிக்க வேண்டாம் என்று பொருளில்லை. நம் உப்புக்காற்றில் அது விரைவில் பூத்துவிடும். வெள்ளைப் பொடி பெரும்பாலும் ஈய சல்பேட். நீலப் பச்சையாக இருந்தால் வயர் முனையில் மாட்டியிருக்கும் செம்பு அல்லது பித்தளை வளையம், அதாவது லக், அரிக்கப்பட்டிருக்கிறது. தொடும் இடத்தில் ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு தடை ஏற்பட்டாலே, படகின் ஸ்டார்ட்டர் 100 ஆம்பியர் இழுக்கும்போது 1 வோல்ட் அங்கேயே வீணாகிவிடும். மூடிகளை இறுக்கிவிட்டு, சமையல் சோடா கரைத்த வெந்நீரால் கழுவித் துடைத்து, லக்கை முறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவினால் போதும். முதலில் வாசலினைத் தடவிவிட்டு அதன் மேல் லக்கைப் போடுபவர்களே அதிகம், முறை அதுவல்ல.

பிளேட் கனமா இருந்தா கரண்ட் கூட வரும்தானே? மேற்பரப்பு எதுக்கு?

பனங்கற்கண்டுக் கட்டி ஒன்றையும், அதே எடைக்குப் பொடித்ததையும் தனித்தனித் தம்ளரில் போட்டுப் பாருங்கள். இரண்டிலும் இனிப்பு ஒரே அளவுதான், ஆனால் பொடி உடனே கரைந்துவிடுகிறது. நீர் தொடும் பரப்பு பெரியது என்பதே காரணம். பேட்டரியிலும் மொத்தம் எவ்வளவு மின்சாரம் இருக்கும் என்பதைப் பொருளின் எடையும், அதை எவ்வளவு வேகமாகக் கொடுக்க முடியும் என்பதை மேற்பரப்பும் தீர்மானிக்கின்றன.

ஆகவேதான் பிளேட்டை நிறைக்கும் பொருளைக் கெட்டியாக வார்க்காமல் பஞ்சு போலச் செய்கிறார்கள். நேர் பிளேட்டிலுள்ள ஈய டை ஆக்சைடில் 1 கிராமுக்குள் சில சதுர மீட்டர் பரப்பு மடிந்து கிடக்கிறது. பேட்டரி கிழடாவது என்பது பெரும்பாலும் அந்தப் பரப்பு அடைபட்டு, மூடப்பட்டு, உதிர்ந்து குறைவதுதான். எடை போட்டால் பழைய பேட்டரியும் புதியதைப் போலவே நிற்கும்.

அப்போ கம்பெனியில மேற்பரப்புக்கு என்னதான் செய்யுறாங்க?

நான் வேலை பார்த்த ஆலையில் தினமும் கண்டதைச் சொல்கிறேன். ஈய ஆக்சைடு, ஆசிட், தண்ணீர் ஆகியவற்றைக் குழைத்த களியை ஈயச் சட்டத்தில் அப்பி, உருளைகளுக்கிடையே அனுப்புவார்கள். வெளியே வரும் ஈரப் பிளேட்டின் இரு முகத்திலும் நீர்த்த கந்தக அமிலம் மழைபோலச் சில நொடிகள் விழும். மேல்தோலில் மட்டும் மெல்லிய சல்பேட் படலம் உண்டாகும். அதனால் அடுக்கி வைக்கும்போது பிளேட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை, உலரும்போது வெடிப்பதும் குறைகிறது. அந்த அமிலம் ஒரு நாள் கூடிப்போய், மேல்தோல் பாளம்பாளமாக உரிந்து வந்ததையும் பார்த்திருக்கிறேன். விரலால் தேய்த்தால் திருநீறு போல உதிர்ந்தது. பிறகு பிளேட்டுகளை ஈரப்பதமும் வெப்பமும் உள்ள அறையில் பல மணி நேரம் பதப்படுத்துவார்கள். எஞ்சிய ஈயம் ஆக்சைடாகி, களி சட்டத்தின் மேற்பரப்போடு பிணைவது அங்கேதான். அந்தப் பிணைப்பு சரியாக அமையாவிட்டால் பிற்பாடு எதைச் செய்தும் பயனில்லை.

எதிர் பிளேட்டின் கதை வேறு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளேட்டுகளுக்கு நடுவே மெல்லிய மரத் தடுப்புகளை வைத்தார்கள். அவற்றை நீக்கி ரப்பர் தடுப்பு வைத்ததும், தடுப்பு உயர்தரமானதாக இருந்தும், எதிர் பிளேட் சீக்கிரம் செத்துப்போனது. மரத்திலிருந்து கசிந்த லிக்னின் என்ற பொருள் ஈயத்தின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு, பஞ்சு போன்ற ஈயத்தின் துகள்கள் ஒன்றாகச் சேர்ந்து கட்டியாகிவிடாமல் காத்து வந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. இன்று லிக்னோசல்போனேட்டை எடையில் 1 சதவீதத்துக்கும் குறைவாகக் களியிலேயே கலக்கிறார்கள். கூடவே சிறிது பேரியம் சல்பேட்டும் சேரும். ஈய சல்பேட் பெரும் படிகமாகத் திரளாமல் நுண்ணிய துகள்களாக முளைப்பதற்கு அது விதை. இவ்வளவு சிறிய அளவு இவ்வளவு பெரிய வேலையைச் செய்வதற்குக் காரணம், அது பொருளின் உள்ளே அல்ல, பரப்பில் நின்று வேலை செய்கிறது என்பதே.

பழைய பேட்டரிக்கு டானிக் ஊத்தினா பிளேட் புதுசாயிடும்னு விக்கிறாங்களே?

பேட்டரியைச் சார்ஜ் இறங்கிய நிலையில் வாரக்கணக்கில் விட்டுவைத்தால், பிளேட்டின் மேலுள்ள நுண்ணிய சல்பேட் துகள்கள் கரைந்து கரைந்து பெரிய படிகங்களாக இறுகும். மீன்பிடித் தடைக்காலமான 61 நாட்களும் படகிலேயே கிடந்த பேட்டரிகள் ஜூன் நடுவில் வரிசையாக என் கடைக்கு வருவது இதனால்தான். பெரிய படிகம் எளிதில் கரையாது, மின்சாரத்தையும் கடத்தாது. இந்த நிலை இளசாக இருந்தால் மருந்தே தேவையில்லை. 150 ஆம்பியர் மணி பேட்டரிக்கு 5 முதல் 7 ஆம்பியர் என்ற குறைந்த அளவில், சூடு ஏறாமல் பார்த்துக்கொண்டு, ஒரு நாளுக்கும் மேலாகச் சார்ஜ் செய்தாலே கணிசமாக மீளும்.

டானிக் ஊற்றிப் பிழைத்ததாகச் சொல்லப்படும் பேட்டரிகளில் பெரும்பாலானவை அந்த நீண்ட சார்ஜால் பிழைத்தவை என்பது என் கணிப்பு. களி உதிர்ந்துபோன பிளேட்டையோ, அரிக்கப்பட்ட சட்டத்தையோ, சூட்டில் சிதைந்த லிக்னினையோ எந்தத் திரவமும் திரும்பக் கட்டாது. முந்தைய பதிலில் சொன்ன வேலைகள் அனைத்தும் பிளேட் ஈரமாக, திறந்து கிடக்கும்போது நடப்பவை.

ஆர்.ஓ. தண்ணி சுத்தமாத்தானே இருக்கு? அதை ஊத்தினா என்ன?

குடிப்பதற்குச் சுத்தம், பேட்டரிக்குச் சுத்தமில்லை. ஆர்.ஓ. கருவி உப்பைக் குறைக்கும், முற்றிலும் நீக்காது. பேட்டரியில் ஆவியாவது நீர் மட்டும் என்பதால், ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் வந்த குளோரைடு உள்ளேயே தங்கிச் சேர்ந்துகொண்டே போகும். அது நேர் பிளேட்டின் ஈயச் சட்டத்தை அரிக்கும். நம் பகுதிக் கிணற்று நீரில் தொடக்கத்திலேயே உப்பு கூடுதல். கடல்நீரிலோ லிட்டருக்கு ஏறத்தாழ 19 கிராம் குளோரைடு இருக்கிறது. ஒரு நாட்டுப்படகுக்காரர், டிஸ்டில்டு வாட்டர் கிடைக்கவில்லை என்று ஊற்றுநீரையே மூன்று மாதம் ஊற்றியிருந்தார். பேட்டரியை அறுத்துப் பார்த்தபோது, நேர் பிளேட்டின் சட்டம் கையோடு முறிந்து வந்தது.

ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரையும் கேட்கிறார்கள். அது செம்புக் குழாயையும் தூசியையும் கழுவிக்கொண்டு வரும் நீர், வேண்டாம்.

லித்தியம் பேட்டரியிலும் இதே மாதிரி பிளேட்தானா?

பிளேட் என்ற சொல்லே அங்கே பொருந்தாது. எதிர்மின்முனையில் தலைமயிரைவிடப் பல மடங்கு மெல்லிய செம்புத் தாள், அதன் இருபுறமும் கிராஃபைட் பூச்சு. நேர்மின்முனையில் அலுமினியத் தாள், அதன் மேல் லித்தியம் சேர்ந்த ஆக்சைடு அல்லது பாஸ்பேட் பூச்சு. நடுவில் துளைகள் நிறைந்த பிளாஸ்டிக் சவ்வு. நீருக்குப் பதிலாகக் கரிமக் கரைப்பானில் லித்தியம் உப்பைக் கரைத்த மின்பகுளி இருக்கும். 1991-ல் சோனி நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்ததிலிருந்து பொருட்கள் மாறினாலும் அமைப்பு இதுதான்.

இதில் மிக முக்கியமான மேற்பரப்புப் பூச்சு யாரும் பூசாமல் தானாக உண்டாவது. முதல் சார்ஜின்போது மின்பகுளியில் ஒரு பகுதி கிராஃபைட்டின் மேல் சிதைந்து, சில பத்து நானோமீட்டர் தடிமனுள்ள படலமாகப் படிகிறது. லித்தியம் அயனியை விடும், எலக்ட்ரானை விடாது. ஆகவே மேற்கொண்டு சிதைவு ஏறக்குறைய நின்றுவிடுகிறது. 1979-ல் இம்மானுவேல் பெலெட் என்ற இஸ்ரேலிய வேதியியலாளர் இதற்குக் கொடுத்த 'சாலிட் எலக்ட்ரோலைட் இன்டர்ஃபேஸ்' என்ற பெயரின் சுருக்கமே எஸ்.ஈ.ஐ. இந்தப் படலத்தைக் கட்டுவதற்கே செல்லிலுள்ள லித்தியத்தில் பத்தில் ஒரு பங்கு வரை செலவாகிவிடும். ஆலையில் முதல் சார்ஜை மிக மெதுவாக, நாள்கணக்கில் செய்வது இந்தப் படலம் சீராக அமைய வேண்டும் என்பதற்காகவே. நன்றாக அமைந்தாலும் அது ஆண்டுக்காண்டு சற்றே தடித்து, லித்தியத்தைத் தின்றுகொண்டே இருக்கும். உங்கள் செல்பேசியின் பேட்டரி இரண்டு ஆண்டில் தளர்வதற்கு முதன்மைக் காரணங்களில் ஒன்று இது.

எல்.எஃப்.பி. பேட்டரியில "கார்பன் கோட்டட்"னு போடுறாங்க. விளம்பரமா, உண்மையா?

உண்மை, ஆனால் அது தனிச் சிறப்பு அன்று. எல்.எஃப்.பி. என்பது லித்தியம் இரும்பு பாஸ்பேட். அது விலை குறைந்தது, சூட்டைத் தாங்கும், எளிதில் தீப்பற்றாது. ஆனால் மின்சாரத்தைக் கடத்துவதில் அது ஏறக்குறைய காப்புப் பொருள். 1997-ல் அக்ஷய பாதி, ஜான் குட்இனஃப் ஆகிய ஆய்வாளர்களின் குழுவினர் அதை அறிமுகப்படுத்தியபோது இதுவே பெருங்குறையாக இருந்தது. துகளைச் சர்க்கரை போன்ற கரிமப் பொருளோடு கலந்து, காற்றில்லாத சூழலில் 600, 700 டிகிரி செல்சியஸில் சுட்டால், சர்க்கரை கருகி ஒவ்வொரு துகளின் மேலும் சில நானோமீட்டர் கரித்தோலாகப் படியும். எலக்ட்ரான் அந்தத் தோல் வழியாக ஓடும். பாகு கருகினால் சட்டியில் ஒட்டும் அதே கரிதான். இது இல்லாத எல்.எஃப்.பி. செல்லை இன்று யாரும் விற்க முடியாது. ஆகவே அதற்காகத் தனி விலை கேட்டால் கொடுக்காதீர்கள்.

சல்பேட் போன்ற கூட்டயனிகள் (பல அணுக்கள் சேர்ந்த அயனிகள், பாஸ்பேட்டும் இவ்வகையே) இரும்பின் மின்னழுத்தத்தை உயர்த்தும் என்பதை 1980-களிலேயே குட்இனஃபோடு சேர்ந்து காட்டியவர் தென்தமிழ்நாட்டுக் கிராமத்தில் பிறந்த ஆறுமுகம் மந்திரம். 2019-ல் குட்இனஃபின் நோபல் உரையை ஸ்டாக்ஹோமில் அவர் சார்பில் நிகழ்த்தியவரும் இவரே. கடைக்கு வரும் கல்லூரிப் பிள்ளைகளிடம் இதை நான் சொல்லாமல் விடுவதில்லை.

அலுமினான்னா அலுமினியம் ஆக்சைடு, மின்சாரமே கடத்தாது. அதைப் போய் மின்முனை மேல பூசினா எப்படி சார் நல்லது?

பாலிடெக்னிக் மாணவர் ஒருவர் கேட்டது. நான் கேட்ட கேள்விகளில் சிறந்தது. மின்பகுளியிலுள்ள லித்தியம் உப்பு, தப்பித்து நுழைந்த ஒரு துளி ஈரத்தோடு சேர்ந்தால் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் உண்டாகும். அது நேர்மின்முனையின் ஆக்சைடை அரித்து, மாங்கனீஸ் போன்ற உலோகங்களைக் கரைக்கும். கரைந்தவை எதிர்ப்பக்கம் சென்று, மேலே சொன்ன எஸ்.ஈ.ஐ. படலத்தைக் கெடுக்கும். அலுமினாப் பூச்சு அந்த அமிலத்தைத் தானே வாங்கிக்கொண்டு அலுமினியம் ஃபுளோரைடாக மாறிவிடும். அதிக வோல்ட்டில் மின்பகுளி ஆக்சைடை நேரடியாகத் தொட்டுச் சிதைவதையும் குறைக்கும்.

கடத்தாத குறைக்கு விடை தடிமனில் இருக்கிறது. அணு அடுக்குப் படிவு என்ற முறையில், அலுமினியம் சேர்ந்த ஆவியையும் நீராவியையும் மாறிமாறிச் செலுத்தி, ஒரு சுற்றுக்கு ஒரு நானோமீட்டரில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு என்று வளர்க்கிறார்கள். ஒன்றிரண்டு நானோமீட்டர் வரை லித்தியம் ஊடுருவிச் செல்லும். அதற்கு மேல் போனால் பூச்சே தடையாகிவிடும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. துகள்களுக்குத் தனித்தனியே பூசிவிட்டு மின்முனை செய்தால், துகளுக்கும் துகளுக்கும் நடுவே காப்புப் பொருள் வந்துவிடும். மின்முனையை முழுதாகச் செய்து முடித்த பின் பூசினால், ஏற்கெனவே தொட்டுக்கொண்டிருக்கும் இடங்கள் அப்படியே இருக்கும், வெளிப்பரப்பு மட்டும் மூடப்படும். எலக்ட்ரானுக்குப் பழைய பாதை, அமிலத்துக்குப் புதிய வேலி.

தாளுக்குப் பிளாஸ்மா, கொரோனா ட்ரீட்மென்ட்னு சொல்றாங்களே, அது என்ன?

எண்ணெய்ப் பசையுள்ள கல்லில் தோசைமாவு பரவாமல் சுருள்வது போல, உருட்டல் எண்ணெய் ஒட்டியிருக்கும் உலோகத் தாளில் மின்முனைக் களி சீராகப் பரவாது. மின்பொறியால் அந்தப் பசையை எரித்து, தாள் ஈரத்தை ஏற்கும்படி செய்வதே இது. அலுமினியத் தாளின் மேல் மெல்லிய கரிப் பூச்சு கொடுப்பதும் உண்டு. பிடிப்பு கூடும், தடை குறையும்.

நம்ம ஊர் கருவேலங்கரியை வச்சு பேட்டரி செய்யலாமா?

சீமைக்கருவேலம் மண்டிய மாவட்டத்தில் இந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் வியப்பு. சோடியம் அயனி பேட்டரியின் எதிர்மின்முனைக்குக் கிராஃபைட் உதவாது. சோடியம் அதன் அடுக்குகளுக்குள் போதிய அளவு நுழையாது. அதற்குக் கடினக் கரி என்ற ஒழுங்கற்ற அடுக்குகள் கொண்ட கரி வேண்டும். தேங்காய்ச் சிரட்டை, மரம் போன்றவற்றிலிருந்து அதைச் செய்ய முடியும். சோடியம் அலுமினியத்தோடு கலவை ஆகாததால் இருபுறமும் அலுமினியத் தாளே போதும். வாலிநோக்கம் உப்பளத்தையும் முதுகுளத்தூர் கரிமூட்டத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு யோசித்தால் மனம் துள்ளத்தான் செய்யும்.

ஆனால் மூட்டத்திலிருந்து எடுத்த கரியை அப்படியே போட முடியாது. மண் மூடிய மூட்டத்தில் எட்டும் சூடு பெரும்பாலும் 500 டிகிரி அளவில் நிற்கும். கடினக் கரிக்கு, காற்றில்லாமல் 1,000 முதல் 1,400 டிகிரி வரை வேண்டும். சாம்பலிலுள்ள கால்சியம், பொட்டாசியத்தை அமிலத்தில் கழுவி நீக்க வேண்டும். பிறகுதான் மேற்பரப்பின் சிக்கல் வருகிறது. நுண்துளைகள் திறந்து கிடந்தால் மின்பகுளி அத்தனைக்குள்ளும் புகுந்து எஸ்.ஈ.ஐ. கட்டும், முதல் சார்ஜிலேயே சோடியத்தின் பெரும் பங்கு அதில் போய்விடும். ஆகவே கீல் போன்ற பொருளைப் பூசிச் சுட்டு, அல்லது ஹைட்ரோகார்பன் வாயுவைச் சூட்டில் சிதைத்துப் படியவைத்து, துளைகளின் வாயை மூடுகிறார்கள். பரப்பு கூடினால் நல்லது என்று இரண்டாம் கேள்வியில் சொன்னேன். இங்கே அது தலைகீழாகிறது. படலம் கட்டும் செலவு பரப்பின் அளவுக்கு ஏற்றபடி ஏறும் என்பதால்தான் இந்த மாற்றம்.

கடல்பாசியில பேட்டரின்னு செய்தி வந்துச்சே, எங்க பாசியா?

மண்டபம் பக்கம் பாசி எடுக்கும் அக்கா ஒருவர் கேட்டார். செய்தியின் மூலம் 2011-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு கட்டுரை. பழுப்புப் பாசியிலிருந்து கிடைக்கும் ஆல்ஜினேட்டைச் சிலிக்கான் மின்முனைக்குப் பசையாக அவர்கள் பயன்படுத்தினார்கள். சிலிக்கான் கிராமுக்கு ஏறத்தாழ 3,600 மில்லி ஆம்பியர் மணி வரை லித்தியத்தை ஏற்கும், கிராஃபைட்டோ 372 மட்டுமே. ஆனால் ஏற்கும்போது சிலிக்கான் மூன்று மடங்குக்கும் மேல் பருத்து, எஸ்.ஈ.ஐ. தோலைக் கிழித்துவிடும். ஆல்ஜினேட் சிலிக்கானின் மேற்பரப்போடு பல இடங்களில் பிணைந்து அதைப் பிடித்து வைக்கிறது.

ஆக, உங்கள் கட்டக்கோரையும் பக்கோடாப் பாசியும் அந்தப் பழுப்புப் பாசி இனம். கயிற்றில் கட்டி வளர்க்கும் கப்பாஃபைகஸ் சிவப்புப் பாசி வகை. அது தருவது காராஜீனன். இரண்டையும் ஒன்றாகச் சொல்லும் செய்திகளை நம்ப வேண்டாம். பாசி மின்சாரம் தரவில்லை, பசையாக மட்டுமே இருக்கிறது.

செல்லைப் பிரிச்சு நாமே கிராஃபைட் தடவி மூடினா?

கூடாது. மேலே அலுமினாக் கேள்வியில் சொன்ன அமிலம், செல்லைத் திறந்ததும் காற்றின் ஈரத்தோடு சேர்ந்து உண்டாகத் தொடங்கும். தோலையும் நுரையீரலையும் புண்ணாக்கும். சார்ஜ் ஏறிய செல் என்றால் தீப்பிடிக்கும். ஆலைகளில் ஈரம் அறவே நீக்கிய அறையில் செய்யும் வேலையை, துணி காயாத நம் கடற்கரைக் காற்றில் செய்ய முடியாது.

உப்புக்காத்து செல்லுக்குள்ள போயி மின்முனையைக் கெடுக்குமா?

மூடிய செல்லுக்குள் போகாது. கெடுவது செல்லுக்கு வெளியே: செல்களை இணைக்கும் நிக்கல் பட்டை, ஸ்பாட் வெல்டு, செல்களைக் கண்காணித்துக் காக்கும் பி.எம்.எஸ். என்ற மின்னணு அட்டை. பட்டை அரித்து ஒரு செல்லின் இணைப்பு விட்டாலும் முழு பேக்கும் நின்றுவிடக்கூடும். வாடிக்கையாளர் செல் செத்துவிட்டது என்று நினைப்பார். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் கடலோர அரிப்பை ஆராய மண்டபத்தில் நிலையம் வைத்ததற்கு நம் காற்றின் கடுமை ஒரு காரணம். பேக் வாங்கும்போது பி.எம்.எஸ். அட்டைக்கு ஈரம் புகாத வார்னிஷ் பூச்சு இருக்கிறதா என்று கேளுங்கள். நம் ஊரில் மின்முனைப் பூச்சைவிட அதைக் கேட்பதுதான் முக்கியம்.

"சர்ஃபேஸ் ட்ரீட்டட் எலக்ட்ரோடு, 4,000 சைக்கிள்"னு போட்டிருக்கு. கூட விலை கொடுக்கலாமா?

எந்த வெப்பநிலையில், எத்தனை சதவீதம் இறக்கி, எஞ்சிய திறன் எத்தனை சதவீதம் ஆகும் வரை எண்ணிய சைக்கிள் என்று கேளுங்கள் (ஒருமுறை சார்ஜ் ஏற்றி இறக்குவது ஒரு சைக்கிள்). பெரும்பாலும் 25 டிகிரியில், 80 சதவீதம் இறக்கி, திறன் 80 சதவீதமாகக் குறையும் வரை எண்ணியிருப்பார்கள். நாளுக்கு ஒரு சைக்கிள் என்றால் 4,000 என்பது ஏறத்தாழ 11 ஆண்டு. ஆனால் தகரக் கூரைக்குக் கீழே சித்திரை மாதத்தில் பேட்டரி 45 டிகிரியில் நிற்கும். வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது ஈய பேட்டரிக்குப் பொதுவாகச் சொல்லும் கணக்கு. லித்தியத்துக்கு அது அதே அளவில் பொருந்தாவிட்டாலும், சூட்டில் எஸ்.ஈ.ஐ. விரைவாகத் தடிப்பது உறுதி. ஓட்டாமல் சும்மா வைத்திருந்தாலும் தடிக்கும்.

45 டிகிரியில் எடுத்த சோதனை அட்டவணையைக் காட்டினால், கூடுதல் விலைக்குப் பொருள் உண்டு. காட்டாவிட்டால் சாதாரண எல்.எஃப்.பி. பேக்கையே வாங்கி, மிச்சப் பணத்தில் பேட்டரி இருக்கும் மூலைக்கு மேல் ஓலைக்கூரை வேய்ந்துவிடுங்கள். என் கடையிலும் அப்படித்தான் செய்திருக்கிறேன்.